மூன்றாவது குரல்

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. சந்தேகமிருந்தால் மானாம்பதிக்குப் போய், விளக்கு வைக்கிற நேரத்தில் பாக்கியமேரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். இருட்டிவிட்டால் அந்த ஊரில் மூன்று தடவை கூப்பிட்டால்தான் ‘ஏன்’ என்பார்கள். காத்துக் கருப்பு இரண்டு தடவைதான் கூப்பிடுமாம். இவள் மட்டும் முதல் தடவைக்கே அலறியடித்துக்கொண்டு ஓடி வருவாள்.

1962 நவம்பர். பட்டாளத்திலிருந்த புருஷன் தானியேல் கடிதம் போட்டிருந்தான். “எங்கள வடக்க அனுப்பப் போறாங்க. அதுக்குள்ள ஒரு தபா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ மேரி.” கல்யாணமாகி ஏழே மாதம். பாவம், கறிக்குழம்பும் சோறும் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உத்திரமேரூர் போய் பஸ் ஏறினாள்.

தானியேல் பட்டாளம் இருந்தது, வெள்ளைக்காரன் கட்டிய கடலோரக் கோட்டையில். அப்போது அது நம் ராணுவத்தின் கையில். நட்சத்திரம் மாதிரி ஆறு மூலை. ஒரு மூலையில் நின்றால் அடுத்த சுவர் முழுக்கத் தெரியும், எலிகூட ஒளிய முடியாது. வாசலில் காக்கவைத்து, மாலை ஐந்தேகாலுக்குத்தான் உள்ளே விட்டார்கள். கிளார்க் பெயரை எழுதிக்கொண்டு, “இங்கயே நில்லும்மா, பார்த்துட்டு வரேன்” என்று போனார்.

ஐந்து ஐம்பது. வெளிச்சம் மங்கியது. திடீரென்று குளிர்ந்தது. கடற்கரைப் புழுக்கத்தில் அவள் வாயிலிருந்து புகை வந்தது. தூக்குச் சட்டி கையில் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது...

“மேரி...”

தானியேல் குரல். சுவரடியிலிருந்து வந்தது.

சுவர் முழுக்கத் தெரிந்தது. யாரும் இல்லை.

பதில் வாய்வரை வந்துவிட்டது. பயத்தில் அடக்கிக்கொண்டாள்.

“மேரி...”

இன்னும் கிட்டே.

மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஆறு ஐந்துக்குக் கிளார்க் திரும்பினார். “உன் புருஷன் இருந்த பட்டாளக் கம்பெனி வடக்க போய் இருபது நாளாச்சேம்மா. லெட்டர் லேட்டா வந்திருக்கும்.”

பத்தாம் நாள் தந்தி வந்தது. தானியேல் இல்லை.

தை மாதம், அதே கம்பெனியிலிருந்த முனிரத்தினம் காலை நொண்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான்.

“அவன் போன அன்னிக்கி ஞாயித்துக்கெழம, தங்கச்சி. குண்டு பட்டு பனியில கெடந்தான். நாந்தான் மடியில வச்சிக்கினு இருந்தேன். ரெண்டு தபா ஒன் பேரச் சொல்லிக் கூப்ட்டான்.”

“எத்தினி மணிக்கிண்ணா?”

“அஞ்சு அம்பது. கைக்கடியாரத்தப் பார்த்தேன்.”



“இன்னொரு தபா கூப்புடுடான்னேன். தலைய ஆட்டிட்டான். ‘வோணாம்... மூணாவது தபா கூப்ட்டா, அவ எங்கூட வந்துடுவா’ன்னான்.”