இடது கட்டைவிரல் பட்டதும் மூடிக்கொண்ட ஆப்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் நாங்கள் இரண்டு பேர் மொபைல் ஆப் செய்துகொண்டிருந்தோம். நானும், ஆர்.கே.பேட்டையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வரும் என் தோழியும். விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவர் அவர். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல்.

ஒரு பிசியோதெரபி டாக்டர் எங்களிடம் வந்தார். பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை வீடியோக்களாக ஏற்கெனவே இணையதளத்தில் போட்டிருந்தார். அதையே ஆப்பாகக் கேட்டார். புதிதாக எதுவும் எழுத வேண்டாம், ஆப்புக்குள் ஒரு ஜன்னல் மாதிரி வைத்து அந்த இணையதளத்தையே அதில் ஓடவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒருமுறை எழுதினால் போதும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். எங்கள் போன்களில் அழகாக ஓடியது. செய்து கொடுத்துவிட்டுப் பெருமையாகத்தான் இருந்தேன்.

கொஞ்ச நாளில் டாக்டர் போன் செய்தார். கே.ஜி.கண்டிகையில் ஒரு விவசாயிக்கு ஆப் தானாக மூடிக்கொள்கிறதாம். எங்கள் போன்களில் எத்தனை முறை பார்த்தும் மூடவில்லை.

"அவரு எதையாவது தப்பா அழுத்துறாருங்க" என்றேன்.

"இருக்கலாம். அவரு அழுத்துறத நாம பாத்தோமா?" என்றார் தோழி.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துப் போனோம். அவருடைய வலது கை அசையாமல் மடியில் கிடந்தது. இடது கையால் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் பக்கத்தை நகர்த்தினார். நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். தோழி கண்ணால் தடுத்தார். ஆறாவது பயிற்சியில் அந்த விரல் போன் கண்ணாடியின் இடது ஓரத்தில் பட்டு லேசாக உள்ளே இழுபட்டது. ஆப் மறைந்தது. அவர் மறுபடி திறந்து, முதல் பயிற்சியிலிருந்து வலது கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எப்பவும் இப்படித்தாங்களா?" என்று தோழி கேட்டார்.

"ஆங். ஆறு, ஏழுகிட்ட போனா மூடிக்கினு போயிடுதுங்க. நம்ம கைதான் சரியில்லன்னு நெனச்சேன். மொதல்லேர்ந்து பண்ணாலும் நல்லதுதானேன்னு பண்ணிக்கினு இருக்கேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தப் போனில் ஓரத்தைத் தேய்த்தால் 'பின்னால் போ' என்று அர்த்தம். நாங்கள் இணையதளத்துப் பொத்தானைத் தொட்டுத்தான் பின்னால் போய்ச் சோதித்திருந்தோம். ஜன்னலுக்குள் முந்தைய பக்கம் ஒன்று இருப்பது எங்கள் ஆப்புக்குத் தெரியாது. பின்னால் போகச் சொன்னால் மொத்தமாக வெளியே போய்விடும்.

முந்தைய பக்கம் இருந்தால் அங்கே போகும்படி ஒரு மணி நேரத்தில் மாற்றினேன். தோழிக்கு அது போதவில்லை. "அப்பவும் அவருக்கு ஒரு பக்கம் பின்னால போயிடுமே?" பின்னால் போகுமுன் ஆப் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், மூடினாலும் விட்ட பயிற்சியிலேயே திறக்க வேண்டும் என்றார். அதை அவரே எழுதினார். எழுதிவிட்டு, வலது கையைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அன்று முழுக்க இடது கையாலேயே சோதித்தார். நானும் அரை மணி நேரம் செய்துபார்த்தேன். கட்டைவிரல் இழுத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இப்படி வேலை செய்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த விவசாயியே கூப்பிட்டார். "ஏழாவது முடிச்சிட்டேங்க! ஆனா எட்டாவதுல படி ஏறச் சொல்றாங்க. எங்க ஊட்ல படியே இல்லியே?"

தோழி உடனே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு தாழ்வான பலகைமேல் ஏறி இறங்கிப் புது வீடியோ எடுத்து இணையதளத்தில் போட்டார். நாங்கள் ஆப்பில் ஒரு வரிகூட மாற்றவில்லை. கண்டிகையில் அந்த விவசாயி அடுத்த முறை ஆப்பைத் திறந்தபோது எட்டாவதில் படிக்குப் பதில் பலகை வந்திருந்தது.