பெட்டி கட்டாத லீவு: சைகோனில் ஐந்து நாள்

லீவு என்றால் ஊர். வளைகுடாவில் இதை யாரும் எழுதி ஒட்டிவைக்கவில்லை, ஆனால் மீறிப் பாருங்கள், தெரியும். கயிறு போட்டுப் பெட்டி கட்டவேண்டும், ஊருக்குப் போகவேண்டும். என் கணக்கில் கூடவே ஒரு பெண் பார்க்கும் படலமும் உண்டு. கடந்த மூன்று லீவிலும் பட்டுப்புடவை, பஜ்ஜி, கடைசியில் "யோசிச்சுச் சொல்றோம்". இந்தத் தடவை நான் யோசித்தேன். பிப்ரவரியில் சைகோனுக்கு டிக்கெட் போட்டேன்.

நான் துபாய் சத்வாவில் ஒரு பியூட்டி பார்லரில் புருவம் திருத்துகிறவள். ஷார்ஜா ரோலாவில் நான்கு பெண்கள் ஒரே ரூம். லீவு சேதி பரவியதும் ஆளாளுக்கு ஊருக்குக் கொடுத்துவிட பார்சலோடு வந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் மும்தாஜ், கீழக்கரைக்காரி, கையில் தைலப் பாட்டிலோடு முழித்தாள்.

"வியட்நாமா? அங்க யாருடி இருக்கா?"

"யாரும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

துபாயிலிருந்து நேர் விமானம், ஏழு மணி நேரம். போய்வர 1,850 திர்ஹாம். இ-விசா 25 டாலர், போனிலேயே போட்டுவிடலாம். சைகோனில் இறங்கி, ஊர் நடுவுக்கு எட்டு கிலோமீட்டர் பைக் டாக்சி. அறுபதாயிரம் டாங் என்றதும் பகீரென்றது; மாற்றிப் பார்த்தால் ஒன்பது திர்ஹாம்கூட இல்லை.

அம்மாடி, அந்த பைக்குகள்! துபாய் ரோட்டில் கார்களைத்தான் பார்ப்போம், ஆட்களைப் பார்க்கமாட்டோம். இங்கே ஒவ்வொரு வண்டியிலும் ஒரு முகம். பாதிக்குப் பாதி பெண்கள். ஒருத்தி பிள்ளையை முன்னால் நிறுத்தி, பின்னால் ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு போனாள். யாரைக் கேட்டு ஓட்டுகிறாளோ!

டிரைவர் இறக்கிவிட்ட இடத்துக்கு எதிர்ப்பக்கம் என் ஹோட்டல். நான் பச்சை விளக்குக்காக நின்றேன். கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் அபராதம் கட்டுகிற ஊரில் எட்டு வருடம் இருந்த கால்கள், தானாக இறங்குமா? நான் நின்ற இடத்தில் சிக்னலே கிடையாது என்று வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது பார்த்து அண்ணன் போன்.

"டிக்கெட்ட மாத்திக்கிட்டு திருச்சிக்கு வா. ஞாயித்துக்கிழம அவங்க வர்றாங்க."

"வரட்டும். காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்."

"பொண்ணு இல்லாம யாரப் பாக்குறது?"

"உன்னையப் பாக்கட்டும்."

"முப்பத்திமூணு வயசாச்சு, திமிரப் பாரு. இப்ப வரலன்னா இனிமே உனக்காக நான் எவன் வாசல்லயும் போய் நிக்கமாட்டேன்."

"நிக்காத. நான் கேட்டனா?"

வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அண்ணன் சொன்னதைச் செய்கிற ஆள். டிக்கெட்டை மாற்ற இன்னும் நேரமிருந்தது. அதே இடத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நோ வெயிட்! நோ ரன்! நோ கோ பேக்! ஸ்லோ, ஸ்லோ, கோ!"

போனைக் கைப்பைக்குள் போட்டு இறங்கினேன். ஓடவில்லை. பைக்குகள் இடதும் வலதுமாக விலகிப் போயின. ஒருத்தர்கூட ஹாரன் அடித்துத் திட்டவில்லை. எதிர்ப்பக்கம் ஏறியதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மில்க்மெய்ட் ஊற்றிய ஐஸ் காப்பி குடித்தேன். இருபத்தைந்தாயிரம் டாங்.

ஞாயிறு சாயங்காலம் அண்ணியிடமிருந்து வாட்ஸாப். "வந்தாங்க, பஜ்ஜி தின்னாங்க, போயிட்டாங்க. உங்க அண்ணன் கொதிக்கிறாரு. அந்த ஊரு போட்டோ ரெண்டு அனுப்பு, அவருக்குத் தெரியவேண்டாம்." இருபது அனுப்பினேன்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை மழைத் தொல்லை இல்லை. ரூம் ஒரு நாளைக்கு அறுபது திர்ஹாமுக்குள் கிடைக்கும். டாங்கில் சைபர்களை எண்ணிக் கொடுங்கள். ரோட்டில் பைக் விலகும், பஸ் விலகாது; பஸ்ஸுக்கு மட்டும் நில்லுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்டுவிட்டுப் போகாதீர்கள்.