கூறைச் சேலையும் ஹீற்றர் பிளக்கும்

என்னுடைய கலியாணத்துக்கு என் லொறியிலேயே போவோம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். யுத்தகாலம்; வாடகைக் கார்களுக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. என்னுடையதோ டீசல் லொறி; டீசல் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிற வண்டிதான் என்றாலும், கழுவி மாலை கட்டியதும் அதற்கும் ஒரு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

காங்கேசன்துறையில் பெண்வீடு. தாலிகட்டு நல்லபடி முடிந்தது. மறுநாள் காலை பெண்ணைக் கோப்பாயிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போகிற கால்மாறும் சடங்கு. முன்னுக்கு நானும் அவளும்; பின்னால் என் ஆட்கள் முழுப்பேரும். தாலி கட்டினேனே தவிர, நாங்கள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

அந்த லொறியில் சாவிக்குப் பதில் இருக்கும் குமிழை ஒரு தட்டு, அதாவது பாதியளவு, இழுத்தால், எஞ்சினுக்குள் இருக்கும் நான்கு ஹீற்றர் பிளக்குகளும் சூடாகும். குளிர்ந்த எஞ்சினில் அந்தச் சூடில்லாமல் டீசல் பற்றாது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாதே. அதனால் அதே மின்சாரம் போகிற வழியில், ஓட்டுகிறவர் பார்க்க ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். அது சிவந்தால் உள்ளேயும் சிவந்துவிட்டது என்று கணக்கு. பிறகு குமிழை முழுதாக இழுத்தால் எஞ்சின் சுழலும்.

இழுத்தேன். சுருள் கறுப்பாகவே இருந்தது.

"என்ன தம்பி, வெளிக்கிடேல்லையே?" என்றார் வாசலில் நின்ற மாமி, பெண்ணின் தாயார்.

அக்காவின் கணவர், என் அத்தான், இறங்கிவந்து மெல்லச் சொன்னார். "நேற்றுப் பின்னேரம் பொம்பிளை வீட்டாருக்கு உந்தக் கம்பி சிவக்கிறதைக் காட்டினனான். கனநேரம் இழுத்துப் பிடிச்சிட்டன் போலை."

ஒரு பிளக் எரிந்துவிட்டது. நான்கும் ஒரே தொடரில் கோத்தவை. ஒன்று போனால் மற்றவற்றுக்கும் மின்சாரம் இல்லை. ஒவ்வொரு பிளக்காக, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் தொடுத்து, மின்சாரம் அதைத் தாண்டிப் போக விட்டுப் பார்க்கவேண்டும். எரிந்ததைத் தாண்டியதும் சுருள் சிவக்கும். அதைப் பார்த்துச் சொல்ல உள்ளே ஓர் ஆள் தேவை. அத்தானை மறுபடி அந்தக் குமிழைத் தொடவிட எனக்குத் துணிவில்லை.

"இஞ்சை," என்றேன் அவளிடம். "உந்தக் குமிழை ஒரு தட்டு மட்டும் இழுத்துப் பிடியும். கம்பி சிவந்தால் சொல்லும்."

கூறைச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

தலைப்பாகையை அத்தானிடம் கொடுத்து, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சின் மூடியைத் திறந்தேன். முதல் பிளக், சத்தமில்லை. இரண்டாவது, அதுவும் இல்லை. மூன்றாவதில் துண்டுக் கம்பியை வைத்தேன்.

"சிவக்குது! சிவக்குது!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். லொறி முழுக்கச் சிரித்தது. மாமி வாயில் கைவைத்தார்.

அந்தத் துண்டை அங்கேயே முறுக்கிக் கட்டிவிட்டு, "இப்ப முழுக்க இழுத்துப் பிடியும்" என்றேன். எஞ்சின் கொஞ்சம் நொண்டியது, வெள்ளைப் புகை கக்கியது, பிறகு நான்கு சிலிண்டர்களும் பற்றிச் சீராக ஓடத் தொடங்கியது.

சுன்னாகம் தாண்டும்போது கேட்டாள்: "ஒண்டை விட்டிட்டம். அப்ப மற்ற மூண்டுக்கும் சூடு கூடாதே?"

"ஓம், கூடும். கனநேரம் பிடிக்கக் கூடாது. நாளைக்குப் புதுசு போடவேணும்."

எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில், வழி நெடுக லொறியைப் பற்றியே கதைத்தேன். அவளும் சலிக்காமல் கேட்டாள்.

கோப்பாயில் ஆலத்தித் தட்டோடு வந்த அம்மா, என் வேட்டியில் எண்ணெய்க் கறையைப் பார்த்துத் திகைத்தார். "என்னடா இது கோலம்?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் தொடங்கிவிட்டாள். "அது மாமி, பிளக் ஒண்டு எரிஞ்சு போச்சு..."