சமையல் பத்தியில் ஒரு சபைக் கூட்டம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனால் வாசலிலேயே தாக்கோ என்ற மெக்சிகோ ரொட்டிப் பெட்டிகளை மலைபோல அடுக்கியிருப்பார்கள். வெள்ளி என்றால் தாக்கோ என்பது நோர்வேக்காரர் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். போன வாரம் பால் வாங்கப் போனேன். அங்கே ஒரு பெண் தட்டையான சட்டியில் இறைச்சியை வதக்கி, வருவோருக்கு ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வறுபட்ட சீரக வாசனை. சீரகம் மணந்தால் எனக்கு ஊர் ஞாபகம் வரவேண்டும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு மார்செலாவின் ஞாபகம் வந்தது. கூடவே ஆறாத ஒரு கோபமும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் கிழக்கு ஒஸ்லோவில் ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளராக இருந்தேன். மார்செலா அங்கே நிருபர். சிலியில் இராணுவ ஆட்சி வந்தபோது பெற்றோருடன் தப்பி வந்த குழந்தை. ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் அடுக்குமாடிக்கு எதிர் அடுக்குமாடியில் வளர்ந்தவள். இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தமிழ்ப் பேச்சாகவே நினைவில் நிற்கிறது.

அவள் நிரந்தர ஊழியர் இல்லை. விக்கார், அதாவது பதிலாள். பதிலாளாகவே இரண்டு வருடமாகப் பகுதிச் சபைக் கூட்டங்களை எழுதிவந்தாள். வடிகால், பனி அள்ளுதல், முதியோர் இல்லம் என்று மற்ற நிருபர்கள் கொட்டாவி விடும் விஷயங்கள். யார் எதற்குக் கை உயர்த்தினார் என்பதை அவள் ஒருநாளும் பிழையாக எழுதியதில்லை. அந்தச் சபை நிருபர் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, அது அவளுக்குத்தான் என்று நான் நினைத்தேன். அவளும் நினைத்தாள்.

அந்த அலுவலகம் எங்களை விரும்பியது. அதில் சந்தேகமில்லை. நான் எங்கள் ஊர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனால், தங்கள் பிரவுண் சீஸ் வைத்த பாணை எல்லோரும் மூடி வைத்துவிடுவார்கள். அந்தப் புகழ்ச்சியில் மயங்கி மூன்று கிழமை தொடர்ந்து பொரித்தவள் நான். மே பதினேழு தேசிய நாளில் சேலை கட்டிப் படத்துக்கும் நின்றேன். முன்பக்கத்தில் வந்தது. படத்தின் கீழே என் பெயர் இல்லை; 'நிறங்களின் திருவிழா' என்று இருந்தது. அடுத்த மேசையில் இருக்கும் என்னுடைய பெயர் அவர்களுக்குத் தெரியாமலா போயிற்று?

மார்செலா வீட்டு வழக்கம் வேறு. பின்னேரம் தேநீருக்கு எல்லோரும் ஒரே மேசைக்கு வரவேண்டும். பாண், உப்புப் போட்டு மசித்த அவகாடோ, ஜாம். ஒருவர் அன்றைய செய்தி ஒன்றைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். யார் சொன்னது, யாருக்கு லாபம், எதை விட்டுவிட்டார்கள்? அவளுடைய அப்பா சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் பத்திரிகையாளர். ஒஸ்லோவில் பாடசாலைத் துப்புரவாளர். என்னைக் கண்டாலே தொடங்கிவிடுவார்.

"என்ன பிள்ளை, உங்கட பேப்பர் இந்தக் கிழமையும் நாய்க்குட்டியைத்தானே முன்பக்கத்திலை போட்டிருக்கு? அது எந்தக் கட்சி?"

வேலை வேறொருவருக்குப் போனது. ஆசிரியர் ரூனார் அதை ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டறையில் தாக்கோத் தட்டுடன் நின்றுகொண்டு சொன்னார்.

"உமக்கு அதைவிட நல்லதொண்டு வைச்சிருக்கிறன், மார்செலா. உம்மட பாரம்பரியத்தைப் பற்றிச் சமையல் பத்தி. ஒவ்வொரு கிழமையும், உம்மட படத்தோட. தாக்கோவிலை தொடங்குமன்."

"எங்கட வீட்டிலை தாக்கோ சாப்பிடுறேல்லை. சிலியிலையிருந்து மெக்சிகோ, இஞ்சையிருந்து டெல்லியை விடத் தூரம். தெரியுமோ?"

"பாத்தீரோ! இந்த உற்சாகத்தைத்தான் சொன்னனான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் பத்தியை எழுதினாள். 'எங்கள் வீட்டுத் தேநீர்' என்று தலைப்பு. பாணை வெட்டுங்கள், அவகாடோவை மசியுங்கள், உப்புப் போடுங்கள், எல்லோரையும் கூப்பிடுங்கள். பிறகு ஒரு செய்தியை வாசியுங்கள். நாங்கள் இந்த வாரம் வாசித்தது இது. அதன் கீழே முழுதாக ஒரு கூட்ட அறிக்கை. இளைஞர் கழகம் ஒன்றின் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் தீர்மானம். யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள், வெளியே நின்ற தாய்மார் என்ன சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. தானாகவே போயிருந்தாள்.

நான் படித்த சமையல் குறிப்புகளில் அதுதான் சிறந்தது. ரூனார் அவகாடோவை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினார்.

"இந்தச் செய்தி வேற எங்கையும் வரேல்லையே?" என்று கேட்டேன்.

"அதை ஆர் வாசிக்கிறது? படத்தைப் பெரிசாக்கும்."

படத்தில் மார்செலா அகன்ற வைக்கோல் தொப்பியுடன், கையில் காய்ந்த மிளகாய்க் கொத்துடன், சிரித்தபடி நின்றாள். தொப்பியும் மிளகாயும் படப்பிடிப்பாளர் கடையில் வாங்கியவை. படத்தைப் பெரிதாக்கியது என் கைதான். சம்பளத்துக்குச் செய்த வேலை.

அந்தக் கிழமை நான் அவர்கள் வீட்டு மேசையில் இருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளின் பத்தியைச் சத்தமாக வாசித்தார். உப்புப் போடும் இடத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சம் எங்கை?"

"வெட்டிப்போட்டினம், அப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாண்டியாகோவிலையும் ஆமிக்காரர் என்ர எழுத்தை வெட்டினவங்கள். ஆனா அவங்கள் என்னைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கேல்லை."

மார்செலா இரண்டாவது பத்தி எழுதவில்லை. அந்த மாதமே விலகினாள். இப்போது ஒரு நிறுவனத்துக்கு அறிக்கைகள் எழுதுகிறாள். நல்ல சம்பளம், நிரந்தர வேலை. யாரையும் குறுக்கு விசாரணை செய்யத் தேவையில்லை. அவளுடைய அப்பா காலமாகிவிட்டார். புதிய நிருபர் ஒரு வருடத்துக்குள் பெரிய பத்திரிகைக்குப் போனார். அவருக்குப் பிறகு சபைக்கு யாரையும் அனுப்பவில்லை. சமையல் பத்தி மட்டும், வேறு வேறு முகங்களுடன், பத்திரிகை மூடும்வரை வந்தது. எங்கள் அலுவலகம் இருந்த மாடியில் இப்போது உடற்பயிற்சி நிலையம்.

சபை இன்னும் கூடுகிறது. சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் பார்வையாளராகப் போய் இருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது தீர்மானங்கள் நிறைவேறின. செய்தியாளருக்கென்று போட்ட மேசையில் உறுப்பினர்களின் குளிர்ச்சட்டைகள் குவிந்து கிடந்தன.