இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர்

நினைவு மலர் என்றால், மறைந்தவர் பொறுமையின் சிகரம், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர் என்றுதான் எழுத வேண்டுமாம். அச்சகத்தில் மாதிரிக் கட்டுரை ஒன்றே தயாராக வைத்திருக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டால் போதும் என்றார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் அப்பா ஒரு நாளும் பொறுமையாக இருந்தவரில்லை. ஊரில் பாதிப் பேரை முட்டாள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். மீதிப் பேரிடம் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அப்பா ஆரணியில் நெசவுக் குடும்பம் ஒன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். தறியில் உட்கார வைத்தால், சற்று நேரத்தில் தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு லாரியின் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பாராம். போளூரில் ஒரு டிராக்டர் பட்டறையில் அடியும் திட்டும் வாங்கித் தொழில் கற்றார். பிறகு பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் ஜெனரேட்டரைப் பூட்டி, கரண்ட் போன இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனார். கல்யாண மண்டபம், அரிசி ஆலை, விசைத்தறிக் கூடம் என்று அவர் போகாத இடமில்லை. கையில் தூக்கிப்போகும் சின்ன ஜெனரேட்டர்களையும் பின்னால் வாடகைக்கு விட்டார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பொம்மை.

பட்டு வியாபாரம் செய்யும் எங்கள் உறவினர்களுக்கு அப்பா என்றால் டீசல் நாற்றம். விசேஷ வீடுகளில் அவரை முன்வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய்விட்டால் மட்டும் அதே வாய்கள் போனில், "அண்ணே, ஜல்தியா வாங்க" என்று குழையும். யார் யார் என்று எழுதப் போவதில்லை. இந்த மலர் அவர்கள் கையிலும்தான் இருக்கிறது.

அப்பாவின் கோபத்துக்கெல்லாம் தலையாய காரணம் ஒரு ஒயர். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர். கரண்ட் போனதும் சில புத்திசாலிகள் அதன் ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையை வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலும் செருகிவிடுவார்கள். வீடு முழுக்க ஃபேன் சுற்றும். மெயினை அணைக்க மறந்தால் அதே கரண்ட் வீட்டைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுகிற லைன்மேன் செத்தார். அப்படி ஒரு ஒயரை எங்கே பார்த்தாலும் அப்பா கட்டிங் பிளேயரை எடுத்து இரண்டாக வெட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். இரண்டு கரண்டும் ஒன்றாகச் சேர விடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டாத வீட்டுக்கு வாடகைக்குத் தர மாட்டார்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு சித்தப்பா. பட்டுக்கடை வைத்திருக்கிறார். அவருடைய புதுமனை புகுவிழாவில், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா அப்படி ஒரு ஒயரை வெட்டினார். ஊரே ஃபேன் போட்டுக்கொள்கிறது, எனக்கு மட்டும் என்ன சட்டம் என்று சித்தப்பா குதித்தார்.

"உன் வூட்டு ஃபேன் சுத்தறதுக்கு எவன் பொண்டாட்டி தாலி அறுக்கணும்?" என்று கேட்டார் அப்பா.

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தப்பு தன் மேல்தான் என்று சித்தப்பாவுக்கு இன்றுவரை தோன்றவில்லை. தோன்ற வேண்டிய இடத்தில் அவருக்கு வேறு ஏதோ இருக்கிறது.

கடைசி நாட்களில் அப்பா இதய நோயோடு வேலூரில் மருத்துவமனையில் இருந்தார். பேச்சே குறைந்துவிட்டது. ஒருநாள் அங்கே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் கண்ணைத் திறந்து, "டீசல் ஃபில்டர் அடைச்சிகினு இருக்கு, சொல்லு அவனாண்ட" என்றார். சொன்னேன். அங்கே ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அப்பா எங்களிடம் எதுவும் பேசவில்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் கிடத்திய அன்று காலையில் கோடை மழை அடித்தது. மரக்கிளை விழுந்து எங்கள் தெருக் கம்பி அறுந்தது. மழை விட்டதும் வெயில் ஏறி ஒரே புழுக்கம். எங்கள் ஜெனரேட்டர்கள் எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன. டிராக்டர் சந்தவாசலில் ஒரு கல்யாணத்தில் நின்றது. முகூர்த்தத்தில் பாதியில் இழுத்து வர நான் சம்மதிக்கவில்லை. அப்பாவும் சம்மதித்திருக்க மாட்டார்.

அப்போது சித்தப்பா தன் சின்ன ஜெனரேட்டரோடு வந்தார். அண்ணனுக்குச் செய்யும் கடைசிக் கடமையாம். நான் அம்மாவோடு உள்ளே இருந்தேன். திடீரென்று எங்கள் வீட்டு ஃபேன்கள் சுற்றின. எதிர் வீட்டிலும் டியூப் லைட் எரிந்தது. "கரண்ட் வந்துடுச்சி" என்று அங்கே பிள்ளைகள் கத்தின. அறுந்த கம்பி அறுந்தபடி கிடக்க, எதிர் வீட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?

ஓடினேன். வீட்டு நடையிலேயே ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கூடத்துப் பிளக் பாயிண்டுக்கு அந்த ஒயர். அதன் தலைக்கு மேலேயே அப்பா தன் கையால் மாட்டிய சேஞ்ச் ஓவர் சுவிட்ச். சித்தப்பாவின் கண்ணில் அது படவில்லை. வெளியே, அறுந்த கம்பியை இணைக்க வந்த லைன்மேன் பாதிக் கம்பம் ஏறியிருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினேன்.

அதற்குள், பெற்ற அப்பனை வேக விடுகிறாள் என்று பெரிய மனிதர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "வந்தவங்க வேர்த்துகினு உக்காந்துருக்காங்க, உனக்கு இன்னாம்மா இப்ப?" என்றார் சித்தப்பா. அவர் கவலை பெட்டியைப் பற்றியதல்ல, ஃபேனைப் பற்றியது. ஜெனரேட்டரைத் தெருவுக்கு இழுத்துப்போய் வைத்து, அங்கிருந்து ஐஸ் பெட்டிக்கு மட்டும் நேராக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தேன். அப்பா குளிர்ச்சியாக இருந்தார். மற்றவர்கள் வேர்வையில் ஊறிக்கொண்டே என்னைத் திட்டினார்கள்.

கம்பியை இணைத்து முடித்த லைன்மேன், செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்க்க உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஜெனரேட்டர் சத்தம் கேட்டா நேர்ல பாக்காம ஏற மாட்டேம்மா. கம்பத்துல கால் வைக்கும்போதுதான் சத்தம் கேட்டுச்சி. யாரு வூடுன்னு கேட்டேன். இவர் வூடுன்னாங்க. அப்புறம் பாக்கறதுக்கு இன்னா இருக்குதுன்னு ஏறிட்டேன்" என்றார்.

அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன். வாழ்நாள் முழுக்க ஊரைத் திட்டி அப்பா சம்பாதித்த பெயர் அது. அந்தப் பெயரை நம்பியே ஒருவர், அப்பா இன்னும் வீட்டில் கிடக்கும்போதே, அப்பாவின் வீட்டுக் கரண்டில் செத்திருப்பார்.

ஓராண்டு ஓடிவிட்டது. பாடையைத் தூக்கியவர்களுக்கும், அம்மாவுக்குச் சோறு ஊட்டிய எதிர் வீட்டாருக்கும், சந்தவாசலில் தாலி கட்டும்வரை வண்டியை ஓட்டிவிட்டு அழுதுகொண்டே வந்து சேர்ந்த எங்கள் டிரைவருக்கும், பெட்டியின் முன் நெடுநேரம் நின்று கும்பிட்ட லைன்மேனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருந்த உறவினர்களுக்கும் நன்றி. உயிரோடு இருந்தபோது அப்பாவுக்காக அவர்கள் சிந்தாத வேர்வையை அன்று சிந்தினார்கள்.

சித்தப்பாவின் ஜெனரேட்டரை மறுநாளே அனுப்பிவிட்டோம். ஒயர் எங்கே என்று இந்த ஓராண்டாக ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதோ பதில், சித்தப்பா. அப்பாவின் கட்டிங் பிளேயர் இப்போது என்னிடம் இருக்கிறது. வெட்டிவிட்டேன்.