வாசல் பாசிக்கு ஒரு மெஷின்

2003ஆம் வருடம் கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாகலட்சுமி தன் வீட்டு வாசலிலேயே வழுக்கி விழுந்தாள். கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்பியவளுக்கு, சிமெண்டுத் தரையில் மூன்றாவது அடி வைக்கும்போது கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு ஒரு பக்கம் போயிற்று. விழுகிற வேகத்தில் இடது கையை ஊன்றினாள். மணிக்கட்டில் மளுக்கென்று ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது.

அவள் கணவன் தனசேகரன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு விரைந்தான். மலையிலிருந்து கீழே இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலியைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. சரிவுக் காட்டில் கிழங்கு பிடுங்கும்போது விழவில்லை, ஓடைப் பாறையில் நின்று துணி துவைத்தபோது விழவில்லை, ஆசைப்பட்டுப் போட்ட சிமெண்டு வாசலில் போய் விழுந்தோமே என்றிருந்தது.

மலைமேல், நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் அவர்கள் புது வீடு கட்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பழைய வீட்டின் மண் வாசலுக்குச் சாணம் தெளித்தால் போதும். புது வாசல் அப்படியில்லை. ஐப்பசியில் பிடித்த மழை விடாமல் பெய்ய, பதினைந்து நாளில் சிமெண்டு பச்சையாகிவிட்டது. தென்னந்துடைப்பத்தால் தேய்த்தாள், கம்பி பிரஷ்ஷால் சுரண்டினாள், பிளீச்சிங் பவுடர் கொட்டினாள். நான்கு நாள் வெள்ளையாக இருக்கும். ஐந்தாம் நாள் பாசி திரும்ப வந்துவிடும்.

கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. வாசலின் நடுவே நடப்பதை விட்டுவிட்டாள். கோழிக்கூண்டுக்குப் போவதானாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போனாள். மகள் ராதிகா பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் உள்ளேயிருந்தே, "கண்ணு, மெதுவா வா, மெதுவா வா" என்று கத்தினாள். முப்பத்து நான்கு வயதில் கிழவி போல நடக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் காலுக்குத் தைரியம் வரவில்லை.

தனசேகரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரிலிருந்து கிராமங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அவனுடையது. மழைக்காலத்தில் செம்மண் சேறு அடியில் அப்பிக் காய்ந்து, ஸ்பிரிங் பட்டைகள் துருப்பிடித்துவிடும். அதற்காகவே மாதம் ஒருமுறை நாமக்கல் இறங்கி, தண்ணீரை விசையாக அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் செய்துகொண்டு வருவான்.

"அந்த வாட்டர் சர்வீஸ் மெஷினாட்டம் சின்னதா ஒண்ணு ஊட்டுக்கே வாங்கிப் போட்டுட்டா என்ன? வாசலும் ஆச்சு, வண்டியும் ஆச்சு" என்றான்.

"வாங்கலாமுங்க. நானும் வாரேன், பாத்துத்தான் வாங்கோணும்" என்றாள் நாகலட்சுமி.

'பாத்துத்தான்' என்ற அந்தச் சொல் தனசேகரனுக்குப் பிடிக்கவில்லை. அவன் பார்த்த மாத்திரத்தில் வாங்குகிறவன். ஜீப்பையே நிறத்துக்காக வாங்கினவன். அவளோ சோளக்காட்டுச் சந்தையில் ஒரு படி மிளகு வாங்கினாலும் நான்கு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாள். குக்கர் வாங்கப் போன இடத்தில், தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி விசில் அடித்த பிறகுதான் கடையை விட்டு வெளியே வந்தாள். ஏமாந்து போவதைவிடக் கடைக்காரனிடம் திட்டு வாங்குவது மேல் என்பது அவள் கட்சி.

மார்கழியில் இருவரும் சேலத்துக்கு பஸ் ஏறினார்கள். பெரிய கடை. விற்பனையாளன் பெயர் பிரேம் என்று சட்டையில் குத்தியிருந்தது. மஞ்சள் நிறத்தில், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன மெஷின் ஒன்றை மேசைமேல் வைத்தான். சக்கரம், துப்பாக்கி போன்ற பிடி, சோப்புத் தண்ணீர் ஊற்ற ஒரு குப்பி. தனசேகரனின் முகம் மலர்ந்துவிட்டது. பையைத் திறக்கவே போய்விட்டான்.

"நூறு பார் பிரஷருங்க்கா. பாசியெல்லாம் பறந்துடும்" என்றான் பிரேம்.

"ஏனுங்க தம்பி, எங்கூட்ல குழாய்ல தண்ணி விசையா வராதுங்க. ஓடைத் தண்ணி பைப்புல வந்து தரைத் தொட்டியில உழும். இந்த மெஷினு தொட்டியில இருந்து தானா இழுக்குமுங்களா?"

"இழுக்கும்க்கா, தாராளமா."

"அப்படீன்னா ஒரு பக்கெட்டுல தண்ணி வெச்சு ஓட்டிக் காட்டுங்க."

கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தனசேகரன் காலண்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். பிரேம் மனமில்லாமல் பக்கெட் கொண்டுவரச் சொன்னான். குழாயைத் தண்ணீருக்குள் போட்டு ஸ்விட்சைத் தட்டினான். மெஷின் கிறீச்சென்று அலறியது. பக்கெட் தண்ணீர் அலுங்கக்கூட இல்லை. மறுபடி அணைத்து, குழாயை உயர்த்தி, நாலுமுறை ஆட்டி, மறுபடி போட்டான். அதே அலறல்தான்.

"தண்ணிக் குழாய்ல மாட்டினா அருமையா வரும்க்கா. தொட்டிக்குன்னா வேற மாடல்தான் பாக்கணும்" என்றான் கடைசியில். அவன் பொய்யன் இல்லை; இதுவரை அவனை யாரும் பக்கெட் வைத்து ஓட்டச் சொன்னதில்லை.

அவள் விடவில்லை. சாயங்காலமானால் தங்கள் ஊரில் பல்பு பூசணிப்பூ நிறத்தில் எரிவதைச் சொல்லி, அந்தக் கரண்டில் மோட்டார் தாங்குமா என்று கேட்டாள். ஸ்டெபிலைசர் வைத்துக்கொள்ளச் சொன்னான். ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். சென்னைக்கு அனுப்பித்தான் வாங்க வேண்டும் என்றான்.

"சரீங்க தம்பி, யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டாள்.

திரும்பும் பஸ் ராசிபுரம் தாண்டியது. தனசேகரன், "மானம் போச்சு. பொண்ணு பாக்கற மாதிரி ஒரு மெஷினைப் பாக்கறயே" என்றான்.

"உங்க ஜீப்ப அப்பவே நான் பாத்திருந்தா, ரெண்டாம் மாசமே கியர் பாக்ஸ் எறக்கியிருக்க மாட்டீங்க" என்றாள். அதோடு சரி. அடுத்த பத்து நாளும் அந்த வீட்டில் மெஷின் பேச்சு எடுபடவில்லை.

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது மாவுக்கட்டுப் பிரிக்க நாமக்கல் போனார்கள். கட்டிலிருந்து வெளியே வந்த கை மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. வந்தது வந்தோம், வண்டியைக் கழுவிவிடலாம் என்று தனசேகரன் வழக்கமாகப் போகும் வாட்டர் சர்வீஸுக்கு ஜீப்பை விட்டான். அதை நடத்துகிறவர் அர்த்தனாரி, ஐம்பது வயதுக்காரர். இருபது வருடமாக லாரிகளுக்கு அடியில் நின்று நனைந்து காலெல்லாம் சேற்றுப்புண்.

நாகலட்சுமி ஒரு டயர்மேல் உட்கார்ந்து அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தாள். பின்புறச் சுவரோரம் துருப்பிடித்த மெஷின்கள் ஏழெட்டுக் குவிந்து கிடந்தன. எழுந்து போய் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் எதனால செத்துச்சுங்க?" என்று கேட்டாள்.

அர்த்தனாரிக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. அவரிடம் எல்லோரும் எந்த மெஷின் நல்லது என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கிப் பிடியான கன்னைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இது தண்ணியில்லாம ஓடிச்சு அம்மணி. தொட்டி காலியானதைப் பாக்கல. அஞ்சே நிமிசம், உள்ள இருக்கற ரப்பர் சீல் கருகிப் போச்சு. அது மணல் ஏறிச் செத்தது. கெணத்துத் தண்ணியை வடிகட்டாம உட்டாங்க, வால்வெல்லாம் அரைச்சுத் தின்னுருச்சு. அந்த மூணும் கரண்டு கம்மியில மோட்டார் காயில் எரிஞ்சது. அதோ அந்தச் செவப்புல ஒரு கோளாறும் இல்ல. ஒரு வால்வு கெடைக்கல, அவ்வளவுதான். கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்திட்டான்."

"ஓடிட்டு இருக்கறதுல நீங்க கம்மியாத் திட்டற மெஷினு எதுங்க?"

அவர் சிரித்துவிட்டு, ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். கார்களுக்கென்று வைத்திருந்த சின்ன மெஷின் அது. சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் ஒரு பக்கம் இரண்டு குதிரைச் சக்தி மோட்டார், மறுபக்கம் தண்ணீரைத் தள்ளும் பித்தளை ஹெட், நடுவில் பெல்ட். வடிவம் என்று சொல்ல எதுவும் இல்லை. கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் செய்தது. ஆறு வருடத்தில் இரண்டு முறை சீல் மாற்றியிருக்கிறார். மோட்டார் எரிந்தால் எந்த ஊரிலும் காயில் கட்டிக்கொள்ளலாம். வாளியிலிருந்து தானாகவே தண்ணீர் இழுத்துக்கொள்ளும்.

"ஓட்டிப் பாக்கறயா?" என்று கேட்டு கன்னை நீட்டினார்.

பிடியை அழுத்தியதும் கன் பின்னால் உதைத்தது. கட்டுப் பிரித்த கை தாங்கவில்லை. தண்ணீர் ஒரு பக்கமாகச் சீறி, தனசேகரனின் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது. அவள் கன்னைப் போட்டுவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. "இது என்னால ஆகாதுங்கண்ணா" என்றாள்.

அர்த்தனாரி ஹெட்டின்மேல் இருந்த திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். கன்னில் நீளமான குழாய் ஒன்றை மாட்டி, தண்ணீர் வரும் முனையான நாசிலை அகலமாக விசிறியடிப்பதாக மாற்றிக் கொடுத்தார். "லாரிக்குத்தான் அந்த விசை. வாசலுக்கும் ஜீப்புக்கும் பாதி போதும். நூறு நூத்தைம்பதுன்னு கடையில சொல்லுவாங்க, அதைப் பாத்து மயங்கக் கூடாது. உன்ற கை தாங்கற விசைதான் உனக்குக் கணக்கு."

இரண்டாம் தடவை அவளால் பிடிக்க முடிந்தது. ஷெட்டுத் தரையில் எண்ணெயும் அழுக்கும் படிந்திருந்த ஒரு மூலையை, ஒரு முறம் அகலத்துக்கு வெளுக்கும்வரை அடித்துப் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "இதேதானுங்க" என்றாள். தனசேகரன் வேட்டியைப் பிழிந்துகொண்டே தலையாட்டினான்.

பொங்கல் கழித்து, அர்த்தனாரி சொல்லிவைத்த கோயமுத்தூர்ப் பட்டறையிலிருந்து அதே மாதிரி ஒரு புது மெஷின் நாமக்கல்லுக்கு வந்தது. அவர்கள் நினைத்ததைவிடக் கனம். நாலு பேர் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள், மலைமேல் மூன்று பேர் பிடித்து இறக்கினார்கள். உடனே ஓட்ட வேண்டும் என்று தனசேகரன் துடித்தான். அவள் இரண்டு நாள் நிறுத்தி வைத்தாள். ஓடைத் தண்ணீர் நேராக மெஷினுக்குப் போகாமல், முதலில் ஒரு டிரம்மில் தேங்கி மணல் படிந்து, மேலாக வழிவது அடுத்த டிரம்முக்குப் போகும்படி வைத்தாள். உறிஞ்சுகிற குழாயின் வாயில் பழைய வேட்டித் துணியை நாலு மடிப்பாகக் கட்டினாள். கரண்டு நன்றாக இருக்கும் விடிகாலையில்தான் ஓட்டுவது என்று முடிவு செய்தாள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு முதலில் ஜீப்பைக் கழுவினாள். சேறு கட்டி கட்டியாக விழுந்தது. இத்தனை நாள் மறைந்திருந்த பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உற்சாகத்தில் கதவருகே நெருங்கிப் பிடித்துவிட்டாள். கதவில் மகள் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தான் தனசேகரன். கண்மூடித் திறப்பதற்குள் கடைசி எழுத்து உரிந்து போய், 'ராதி' என்று நின்றது.

அவள் கன்னைக் கீழே விட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். சேலத்திலும் பஸ்ஸிலும் பட்டதையெல்லாம் சேர்த்து இப்போது திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கதவைச் சுற்றி வந்து பார்த்தான்.

"விசை இருக்குது புள்ள. கொஞ்சம் தள்ளிப் புடி" என்றான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராதிகாதான் ஒரு வாரம் அழுது, புதிதாக எழுத வைத்தாள்.

வாசலுக்கு அன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக அடித்துக்கொண்டு போனாள். பச்சை உரிந்து கருந்தண்ணீராக ஓடி, ஓரத்து வாழைக்குழிக்குள் இறங்கியது. பின்னால் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான சிமெண்டு வெளிப்பட்டது. முடித்து, மெஷினை அணைத்து, தரை காயும்வரை காத்திருந்தாள். வெயில் ஏறிய பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு, தான் விழுந்த இடத்தின் வழியாக வாசலைக் குறுக்கே கடந்து கோழிக்கூண்டுக்குப் போனாள். திரும்பியும் அதே வழியாகவே வந்தாள். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தாள். ஆனால் சுவரைப் பிடிக்கவில்லை.

அதன்பின் வருடாவருடம் மழை வந்தது, பாசியும் வந்தது. பத்து நாளைக்கு ஒரு தரம் அடித்தால் வழுக்குகிற அளவுக்கு ஏறாது என்று அவள் கண்டுகொண்டாள். 2006இல் சீல் ஒழுகியது. தனசேகரன் அர்த்தனாரியிடம் வாங்கிவந்த சீலை அவளே ஸ்பேனர் பிடித்து மாற்றினாள். சோளக்காட்டில் ஓடும் வேறு நான்கு ஜீப்புகளும் மாதம் ஒருமுறை அவள் வாசலுக்கு வரத் தொடங்கின. கழுவிக் கொடுத்தாள். யாராவது பெயிண்டில் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் துணியால்தான் துடைப்பாள்.

2008இல் பக்கத்து வீட்டுப் பாப்பாயி மாடியில் தண்ணீர்த் தொட்டியோடு புது வீடு கட்டினாள். சேலத்தில் வேலையில் இருந்த அவள் மகன் தரணிதரன், அம்மாவுக்காகச் சின்ன மஞ்சள் மெஷின் ஒன்றை வாங்கி வந்தான். ஏறக்குறைய சேலத்துக் கடையில் பார்த்த அதே ஜாதி. நாகலட்சுமி வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பாப்பாயிக்குப் பயம். கூப்பிட்டுக் காட்டினாள்.

நாகலட்சுமி மாடித் தொட்டியை ஏறிப் பார்த்தாள். குழாயில் விசையாகத் தண்ணீர் வந்தது. காலையில் மட்டும் ஓட்டு, வடிகட்டி மாட்டு என்று சொல்லிவிட்டு, கன்னை வாங்கித் தானே ஓட்டினாள். லேசாக, ஒரு கையிலேயே பிடிக்க முடிந்தது. உதைக்கவே இல்லை.

"எப்படி இருக்குது லட்சுமி?" என்றாள் பாப்பாயி.

"உனக்கு இதான் சரிக்கா. மேல தொட்டி வெச்சிருக்கற ஊட்டுக்கு இது நல்லாவே வரும்" என்றாள் நாகலட்சுமி. சொல்லிவிட்டும் கன்னைத் திருப்பிக் கொடுக்காமல், பாப்பாயியின் வாசலில் பாதிக்குமேல் அவளே கழுவிக்கொண்டிருந்தாள்.