செஞ்சிக்குப் போன வண்டியும் வெந்துபோன ரெகுலேட்டரும்

என் வலது முழங்காலில் செயற்கை மூட்டு வைக்க வருகிற மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மலை, கோட்டை, செங்குத்துப் படி எதையும் நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தத் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை மதுராந்தகத்திலிருந்து செஞ்சிக்குத் தனியாக மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. செஞ்சிக் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியின் உச்சியை ஒருமுறை மிதித்துவிட்டுக் காலைக் கத்திக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

செஞ்சி எனக்குப் புதிதல்ல. வேலை பார்த்த அரிசி ஆலையில் ஒருமுறை முப்பது பேரை வேனில் கூட்டிப்போனார்கள். ஏறுகிற நேரத்தில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, குரங்கு வந்து சோற்று அண்டாவைக் கவிழ்க்காமல் பார்த்துக்கொள் என்றார். இருபத்தொன்பது பேர் மேலே போனார்கள். நான் மூன்றரை மணி நேரம் புளியமரத்தடியில் ஒரு கம்போடு உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தவர்களில் ஒருவரும் அதற்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு ஆறிப்போனதைத்தான் சொன்னார்கள்.

என் மகன் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். காரில் போனால் அவனுக்கு நேரமாகும்போது நான் மலையிலிருந்து இறங்க வேண்டியிருக்கும்.

மதுராந்தகத்திலிருந்து திண்டிவனம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு. காலை ஏழரைக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்குத் திண்டிவனத்தில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். நாற்பது ரூபாய், சாம்பாரில் ருசி இல்லை. பத்தரைக்குள் மலையடிவாரத்தில் நிற்கலாம் என்பது என் கணக்கு. ராஜகிரியில் மாலை மூன்று மணிக்கு மேல் யாரையும் ஏற விடுவதில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தைத் தாண்டிப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வண்டி இருமியது. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. அரை நிமிடத்தில் இன்ஜின் நின்றது. மணி ஒன்பது நாற்பது.

எனக்கு யாரும் மின்சாரம் சொல்லிக்கொடுத்ததில்லை. மிக்சி, மின்விசிறி, ஆலையின் பழைய மோட்டார் என்று பிரித்துப் பிரித்து நானே கற்றது. பையில் எப்போதும் மல்டிமீட்டர் இருக்கும். பேட்டரி 11.4 வோல்ட் காட்டியது. நின்ற வண்டியிலும் அது பன்னிரண்டரையாவது காட்ட வேண்டும், ஓடும்போது பதினான்கை ஒட்டி இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ரெகுலேட்டரைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது. இன்ஜினிலிருந்து வரும் மின்சாரத்தை அளவாக்கி பேட்டரிக்கு அனுப்புகிற அலுமினியப் பெட்டி அது. அளவுக்கு மேல் சூடானால் வேலையை நிறுத்திவிடும். இப்போது வருகிற வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பும் பேட்டரியில்தான் ஓடுகிறது. பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும்.

பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் டியூப் துண்டு இருந்தது. அதிர்வு தாங்கட்டும் என்று நான்தான் வைத்தேன். சூடு சட்டத்துக்கு இறங்காமல் அந்த ரப்பர் தடுக்கிறது என்று புரிந்தது. பிடுங்கி எறிந்தேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, செல்ஃப் எடுக்காததால் உதைத்துக் கிளப்பினேன். எட்டு உதை, அத்தனையும் வலது காலால். மீட்டர் 14.1 காட்டியது. காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது என்று திருப்தியோடு ஏறி உட்கார்ந்தேன்.

ஒன்பது கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. அதே இருமல், அதே சிவப்பு விளக்கு.

இந்த முறை தோள் துண்டை நனைத்து ரெகுலேட்டரின் மேல் சுற்றினேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்தார்.

"இன்னா பெரியவரே, வண்டிக்கு ஜொரமா? ஈரத்துணி போட்டிருக்குற?"

"ஆமா. கொஞ்சம் கஷாயம் இருந்தா குடு."

"எங்க வூட்டுக்காரு வண்டியும் இப்படித்தான். வித்துட்டு ஆடு வாங்கினோம். இது நின்னாலும் குட்டி போடும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே கழிந்தது. மறுபடி உதைத்துக் கிளப்பி ஐந்து கிலோமீட்டர் வந்தேன். செஞ்சிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் இருக்கும்போது பேட்டரி முழுக்கச் செத்தது. ராஜகிரி கண்ணுக்கு எதிரே நின்றது. நூற்று நாற்பது கிலோ வண்டியை வெயிலில் தள்ளினேன். உதவட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அன்றைய இரண்டாவது தவறு. முதல் தவறு எதுவென்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் தனசேகர் என்பவர் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மணி பன்னிரண்டே முக்கால்.

"இன்னா நைனா, தள்ளிகினு வர்ற? பெட்ரோல் பாத்தியா?"

"பெட்ரோல் இருக்குது. ரெகுலேட்டர் சூடாகுது. கம்பெனிக்காரன் மட்டமான சாமான் போட்டிருக்கான். மூணு மணிக்குள்ள நான் மலை ஏறணும்."

"இந்தக் காலை வச்சிக்கினா?" என் நொண்டலை அவர் பார்த்திருந்தார். பிறகு ரெகுலேட்டரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "யப்பா! தோச ஊத்தலாம் போல இருக்குது."

வயர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஹேண்டில்பார் வரை வந்து நின்றார். "இது இன்னா சுவிட்சு?"

"ஹெட்லைட்டை அணைக்க."

"இந்த வண்டியில அதுவாத்தான எரியணும். யாரு வச்சது?"

"முன்னாடி வச்சிருந்தவரு," என்றேன்.

அந்த வண்டியைப் புதிதாக வாங்கியவன் நான். பகலிலும் முன்விளக்கு எரியும்படிதான் வந்தது. தெருவில் இறங்கினால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் விரலைக் குவித்துக் குவித்து விரித்து, லைட் எரியுது, லைட் எரியுது என்று சைகை காட்டுவார்கள். டீக்கடையில் நிறுத்தினால் பெஞ்சில் இருப்பவர் எழுந்து வந்து சொல்லுவார். வண்டியே அப்படித்தான் என்று நூறு பேருக்கு விளக்கியிருப்பேன். நூற்றோராவது ஆள், வயசானவரு, மறந்துட்டாரு பாவம் என்று தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. அன்று மாலையே சுவிட்ச் வைத்தேன், அதன் பிறகு பகலில் விளக்கைப் போட்டதே இல்லை. பேட்டரிக்கும் சுமை குறையும் என்று நினைத்தேன்.

"நல்லா கேளு நைனா," என்றார் தனசேகர். "இன்ஜின் ஓடினா கரண்டு வந்துகினேதான் இருக்கும். வேணாம்னா நிக்காது. பாதியை ஹெட்லைட்டு தின்னும். அதை அமுக்கிட்டா மிச்சம் எங்க போவும்? இந்தப் பொட்டியிலதான் எரியணும். பக்கத்துல கடைக்கிப் போய் வந்தா தெரியாது. எழுவது கிலோமீட்டர் ஓட்டினா வெந்துடும்."

புது ரெகுலேட்டர் போட்டு, வேறொரு பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டினார். விளக்கை அணைத்து ஐந்து நிமிடம், பெட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை. ஆறவிட்டு, விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம், கை தாங்கியது. அவர் சுவிட்சை அறுத்து என் கையில் கொடுத்தார்.

"முன்ன வச்சிருந்தவரு கைவேலக்காரருதான். சோல்டரிங் சுத்தமா இருக்குது," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய பேட்டரியைச் சார்ஜில் வைத்து எடுக்க ஒரு மணி நேரம் போனது. ரெகுலேட்டரும் கூலியும் சேர்த்து ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய், நியாயமான விலை. இரண்டு இருபதுக்குக் கிளம்பி, கோட்டையில் இருபத்தைந்து ரூபாய் டிக்கெட் வாங்கி, இரண்டு நாற்பத்தெட்டுக்கு ராஜகிரி படியடியில் நின்றேன். காவலர் கடிகாரத்தையும் என்னையும் பார்த்தார்.

"ஏறு பெரியவரே. அஞ்சு மணிக்குள்ள எறங்கிடணும். முடியலன்னா ஒக்காந்துடு, வீம்பு பண்ணாத."

ஏறினேன். முப்பது படி வரை ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு, காலையில் உதைத்த உதையும் தள்ளிய தூரமும் முழங்காலில் ஒன்றாகச் சேர்ந்தன. நூற்றுப் பத்தாவது படியில் பேண்ட் துணி முட்டியில் இறுகியது. இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில் கால் மடங்க மறுத்தது. இறங்கி வந்த ஒரு தம்பதியிடம் இன்னும் எவ்வளவு என்று கேட்டேன். பாதிகூட வரல அய்யா என்றார்கள். அவர்கள் வளைவில் மறைந்ததும், படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்னோக்கி ஒவ்வொரு படியாக நகர்ந்து ஏறினேன். அப்படி ஒன்பது படி. பத்தாவது படி உயரமாக இருந்தது.

இறங்க ஒன்றரை மணி நேரமாயிற்று.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை எட்டு மணிக்கே மலையடியில் இருங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். சாப்பாட்டைக் கையில் தெரியும்படி கொண்டுபோகாதீர்கள், குரங்கு பிடுங்கும். வண்டியில் ரெகுலேட்டர் சூடானால் மூன்றைப் பாருங்கள்: பெட்டி வெறும் உலோகமாகச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறதா, காற்று படுகிறதா, வண்டியோடு வந்த விளக்கு எரிகிறதா. உதைத்துக் கிளப்பிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள். தள்ளுகிறேன் என்று யாராவது வந்தால் தள்ளவிடுங்கள்.

திரும்பும்போது தனசேகரின் பட்டறையைத் தாண்டித்தான் வந்தேன், நிறுத்தவில்லை. சுவிட்ச் வைத்தவன் நான் என்பதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். சைகை காட்டியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் சுவிட்சை அவர்கள் வைக்கவில்லை.

மகனும் டாக்டரும் எவ்வளவு தூரம் ஏறினேன் என்று கேட்டார்கள். இருநூற்று இருபத்தொன்று என்று சரியாகச் சொன்னேன். உச்சியில் என்ன இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதைச் செஞ்சியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் படித்துக்கொள்ளுங்கள்.